மாடிக்கு எத்தனை மீட்டர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் மனைவி ரூபவதி பதினேழாம் தேதி வருகிறாள். மஸ்கட்டில் ஏழு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதித்தது போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சர்ச் முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் போன் வந்தது. வாராவாரம் பேசும் ஐந்து நிமிஷத்தில் நாலு நிமிஷம் பெட்டி, எடை, டிக்கெட் என்று போனது. கடைசியில், "நான் மாடி ரூம்ல இருந்துக்கிடுதேன். அத கொஞ்சம் தூத்துப் போடச் சொல்லுங்க" என்றாள்.

சரி என்றேன். மாடியில் மூன்று ஜன்னல், நல்ல காற்று. நியாயமான ஆசைதான்.

அவள் வருவதற்குள் செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கத்தான் இந்த டைரி. உரக்கடையில் போன வருஷம் கொடுத்தது. கிழமை எதுவும் ஒத்துப்போகாது, அடித்து எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெங்களூரிலிருந்து மகள் பெர்சி கூப்பிட்டாள். "அப்பா, அம்மாவோட சாமான் சனிக்கெழம வந்துரும். கம்ப்யூட்டர் ஒரு பெட்டி, மானிட்டர் ஒரு பெட்டி."

"கம்ப்யூட்டர் அவளுக்கு எதுக்கு?"

"கேம் வெளாட."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லையாம். கொரோனா சமயத்தில் ஹாஸ்டலுக்குள் அடைந்து கிடந்தபோது கூடத் தங்கியிருந்த மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். லாரி ஓட்டும் கேம். ஐந்து வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும், நம் நேரத்துக்கு மாலை ஆறு மணிக்கு, ஆறு ஊரில் இருக்கிற ஆறு பேர் வரிசையாக லாரிகளை நிறுத்தி, சரக்கு ஏற்றி, மலை, பாலம், மழை, பனி என்று ஓட்டிக்கொண்டு போவார்களாம். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பஸ் தாண்டினால் கண்ணை மூடிக்கொள்கிறவள் ரூபவதி. அவளிடம் பதினெட்டுச் சக்கர லாரி.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றேன்.

"நீங்க கேக்கலையேப்பா" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மாடி ரூமில் கம்ப்யூட்டர் வைக்க முடியாது. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷம் கேபிள் டிவி நடத்தியவன் சொல்கிறேன். மாலையில் மாடிக்கு வோல்டேஜ் நூற்றெழுபதுதான் வரும். எர்த் கிடையாது. வெயிலுக்குத் தளம் கொதிக்கும். அந்தக் கம்ப்யூட்டரோ தானே தனியாகச் சூடு கக்குமாம். கீழே என் பழைய கண்ட்ரோல் ரூமில் எர்த், இன்வெர்ட்டர், ஏசி மூன்றும் இருக்கின்றன. ஆகவே பெட்டி கீழே, திரை மேலே. நடுவில் வயர். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு வயர் இறக்க அந்தக் காலத்தில் நான் பதித்த இரண்டு இஞ்ச் குழாய், மாடி ரூம் வழியாகத்தான் வருகிறது. அதிலேயே விட்டுவிடலாம்.

பெர்சியிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன்.

"திரையையும் கீழயே வச்சா என்னப்பா?"

"அம்மா மாடின்னு சொல்லிருக்கா."

அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

கண்ட்ரோல் ரூமைத் துடைத்தேன். முன்பு ஆறு சின்ன டிவி சுவரில் இருந்தன. இப்போது ஆணிகள் மட்டும். கல்யாணமான புதிதில் எங்கள் லோக்கல் சேனலை நடத்தியது உண்மையில் ரூபாதான். இரவுப் படத்துக்கு டிஸ்க் மாற்றுவது, போனில் பாட்டுக் கேட்பவர்களின் பெயரை எழுதிவைப்பது, திரையின் அடியில் ஓடும் வரிகளை டைப் செய்வது, எல்லாம் அவள். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, வீட்டு மனை விற்பனை, காணாமல் போன ஆடு. அந்த ஆட்டுக்காரர் ஆடு கிடைத்த பிறகு அதற்கு நன்றி சொல்லவும் ஒரு வரி ஓட்டச் சொன்னார். ரூபா காசு வாங்காமல் மூன்று நாள் ஓட்டினாள். இரண்டு நாற்காலி போட்டால் முட்டி இடிக்கும் அறை. எனக்கு அந்த அறையும் அந்த வருஷங்களும் ரொம்பப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 9, சனி

சாமான் வந்தது. மானிட்டர் ஒரு ஆள் அகலம். பெர்சி வீடியோ காலில் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் மாட்டினேன். ஜங்ஷனில் வாங்கிய பதினைந்து மீட்டர் கேபிளை மாடிப்படியில் வெளியாகவே போட்டுச் சோதித்துப் பார்த்தோம். படம் வரும், மூன்று எண்ணுவதற்குள் கறுத்துவிடும், மறுபடி வரும். கேபிளைத் திருப்பினேன், முனையைத் துடைத்தேன், திட்டவும் செய்தேன்.

"அது நாலு கே படம்ப்பா. நொடிக்கு நூத்தி நாப்பத்தி நாலு தடவ மாறும். சாதா செம்பு கேபிள் மூணு மீட்டர் வரைக்கும்தான் அத ஒழுங்கா தாங்கும். அதுக்கு மேல கண்ணாடி இழை கேபிள்தான் வாங்கணும்."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நூறு சேனலை இந்த ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோனவன் நான். அதற்கு அங்கங்கே ஆம்ப்ளிஃபயர் வைத்தேன், காக்கை கொத்தினால் ஒட்டினேன், ஆனால் கொண்டுபோனேன். இந்தப் படத்துக்கு ஒரு மாடி ஏற முடியவில்லையாம்.

படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தபோது நிற்காமல் ஓடியது. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் ரூபா கண்டுபிடித்துவிடுவாள். படத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் பக்கத்து அறையிலிருந்தே சொல்லுகிற ஆள் அவள். அந்தக் காலத்தில் நான் தெருமுனைக் கம்பத்தில் ஏணி சாத்தி ஏறித் திருகினால், அவள் எங்கள் வீட்டு டிவியைப் பார்த்து ஜன்னல் வழியாகக் கத்துவாள். "இப்ப நல்லாருக்கு. ஐயோ போச்சு. முன்ன வச்ச மாதிரியே வைங்க." தெருவே எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் படம் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று போன் வந்தபோது மாடி ரூமுக்கு வெள்ளை அடித்ததைச் சொன்னேன். "எதுக்கு வீண் வேல?" என்றாள். கேமைப் பற்றிக் கேட்கலாம் என்று இருந்தேன். ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது.

பிற்பகலில் நீளம் அளந்தேன். கயிற்றைக் குழாயில் விட்டு, இரண்டு பக்கமும் வெளியே வருவதைச் சேர்த்தால் பதினாலேகால் மீட்டர். பெர்சி பதினைந்து போதும் என்கிறாள். நான் இருபது போடச் சொன்னேன். நாளைக்கு அவள் கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தினால், மேஜையை ஜன்னலோரம் போட்டால், எட்ட வேண்டாமா? கண்ணாடி இழையில் நீளம் கூடினாலும் படம் கெடாதாம். எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இதை எழுதும்போது சந்தோஷமாக இல்லை. ஏழு வருஷம் தனியாக இருந்தவள் திரும்பி வந்தும் தனியாகத்தான் இருக்கப் போகிறாள். அதற்கு வயர் இழுத்துக் கொடுப்பது நான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முட்டி வலி. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கேபிள் வந்தது. நூல் போல மெலிசு, முனை மட்டும் பெரிது. ஒரே மூச்சில் குழாயில் இழுத்து முடித்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் இது மோசமில்லை. நான் ஏணியில் நிற்கும்போது பெர்சி கூப்பிட்டு முனை, அம்புக்குறி என்று ஏதோ சொன்னாள். ஸ்பீக்கரில் சரியாகக் காதில் விழவில்லை.

சோதித்துப் பார்க்கவில்லை. ரூபா வந்து அவள் கையாலேயே முதலில் போடட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, கார் வைத்து, மதியம் இரண்டு மணிக்கு வந்தாள். தலை பாதி நரைத்திருக்கிறது, சாயம் போடவில்லை. நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

சாம்பார் வைத்திருந்தேன். "உப்பு கம்மி பண்ணிட்டீங்களா?" என்றாள். பிரஷருக்காக என்றேன். "எப்பயிருந்து?" என்றாள். மூணு வருஷமாக என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். நானும் சொல்லாமல் விட்ட விஷயம் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பெட்டிகளை மாடிக்குத் தூக்கினேன். கதவைச் சாத்தும்போது, "பைய எறங்குங்க, முட்டி வலின்னு பெர்சி சொன்னா" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

திரையில் படம் இல்லை. கறுப்பில் 'சிக்னல் இல்லை' என்று மட்டும் வருகிறது. நான் கீழே எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டினேன். மேலிருந்து ரூபா நிதானமாகக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து இந்த முனையில என்ன எழுதிருக்குன்னு பாருங்க."

பொடி எழுத்தில் இருந்தது. கம்ப்யூட்டரில் மாட்டவேண்டிய முனையாம் அது. திரையில் மாட்டவேண்டிய முனை கீழே இருக்கிறது. இந்தக் கேபிளில் படம் ஒரு பக்கமாகத்தான் போகும். நான் தலைகீழாக இழுத்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் தொட்ட வயர் எதற்கும் இந்த முனை, அந்த முனை என்று கிடையாது. எதை எதில் திருகினாலும் படம் வரும். கேபிள்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்வான். வேண்டுமென்று செய்யவில்லை. இதை யார் படித்தாலும் சரி, வேண்டுமென்று செய்யவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கம்ப்யூட்டரை மாடியிலும் திரையைக் கீழேயும் மாற்றி வைத்தால் கேபிள் வேலை செய்யும் என்கிறாள் பெர்சி. மாடி வோல்டேஜில் அது ஒரு வாரம் தாங்காது என்றேன். திரும்ப இழுப்பதுதான் வழி. முட்டி சரியாகட்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

முட்டி சரியாகிவிட்டது. இன்றும் இழுக்கவில்லை.

ரூபா சாப்பாட்டுக்குக் கீழே வருகிறாள். பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறாள். விருந்தாளி கூட இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார். "சனிக்கெழமக்குள்ள ஆயிருமா? போன வாரமே நான் போவல. எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாவ" என்று கேட்டாள். ஆகிவிடும் என்றேன். எனக்காகவும் ஒருத்தி இப்படிச் சனி, ஞாயிறு எண்ணிக்கொண்டு காத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதிவிடுகிறேன். முதல் ஒப்பந்தம் முடிந்ததும், "வந்துரட்டா?" என்று கேட்டாள். இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வா என்றேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை, அவளாகவே நீட்டித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் போன் ஐந்து நிமிஷமானது. அதற்கு வெகு முன்பிருந்தே பாதி நாள் நான் எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 23, சனி

காலை ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினோம். மேல் முனையில் நைலான் கயிற்றைக் கட்டி, அவள் மேலிருந்து கேபிளை விடவேண்டும், நான் கீழிருந்து இழுக்கவேண்டும். பிறகு முனையை மாற்றி, அதே கயிற்றில் கட்டி மேலே இழுக்கவேண்டும். உள்ளே கண்ணாடி இழை, மடங்கினால் போச்சு. பேசிக்கொள்ள வசதியாக அவளுக்குப் போன் போட்டேன்.

"போன் எதுக்கு? கொழா வழியாவே நல்லா கேக்குது" என்றாள்.

கேட்டது. காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது.

"விடு."

"விட்டாச்சு."

"பைய, பைய. இப்ப நிப்பாட்டு."

ஐந்தாறு மீட்டர் ஒழுங்காக வந்தது. வளைவில் முனை சிக்கியது. கொஞ்சம் பொறு என்றேன். மேலிருந்து அவள் குரல் வந்தது.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"வேணும்னுதான மாத்தி இழுத்தீங்க?"

இந்த முனை, அந்த முனை என்று கிடையாது என்கிற முழுப் பேச்சும் நாக்கு நுனியில் இருந்தது. அதைத்தான் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"தெரியல" என்றேன்.

எதிரில் முகம் இல்லாதது எனக்குத் தைரியமாக இருந்தது.

"ரூபா, ரெண்டு வருஷம் இருந்துட்டு வான்னு சொன்னேம்லா, ரெண்டு தடவ. அது தப்பு. பெர்சி படிப்புக்குன்னு சொன்னேன். அது இல்ல. தொழில் போயி வீட்ல சும்மா உக்காந்துருந்தேன். உன் முன்னால அப்பிடி உக்காந்துருக்கக் கூச்சமா இருந்துச்சு."

"போன் எடுக்காததுக்கும் அதானா?"

"அதுக்கும் அதான். இன்னைக்கு என்ன செஞ்சீங்கன்னு கேப்ப. சொல்ல ஒண்ணும் இருக்காது."

"நான் அத சும்மா கேட்டேங்க. பேச்சுக்கு."

"தெரியுது, இப்ப."

அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. "இப்ப நான் ரெண்டு வருஷம் மாடியில இருந்துட்டு எறங்கி வாரேன்னு சொன்னா?"

"இரு. நான் கீழதான இருக்கேன். எங்க போவப்போறேன்."

சிக்கியது எடுபட்டுவிட்டது. விடு என்றேன். இழுத்தால் நைலான் கயிறு வரை தளர்வாக வந்தது. மேலே யாரும் பிடித்திருக்கவில்லை. ரூபா, ரூபா என்று மூன்று தடவை கூப்பிட்டேன். குழாயில் மாடி ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் வந்தது. சொல்லக்கூடாததைச் சொல்லி, இருந்ததையும் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. குழாயிலிருந்து காதை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றேன்.

"அங்கன யாருகிட்ட பேசிட்டிருக்கீங்க?"

பின்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கை முழுக்கக் குழாய்த் தூசி. என் முகத்தைப் பார்த்தாள், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மாடி ஒரே வெக்கையா இருக்கு" என்றாள். "நான் ஹால்லயே உக்காந்து ஓட்டுதேன். ஹாலுக்கு எத்தன மீட்டர் வேணும்?"

கண்ட்ரோல் ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். துளை போட்டால் இரண்டரை மீட்டர், மேஜைக்குச் சேர்த்து மூன்று. அளந்து பார்க்காமலே சொன்னேன்.

"அப்ப மூணுல ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆறு மணிக்குள்ள ஆவணும்." படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "படுக்க மாடியிலதான். அத இப்ப கேக்காதீங்க."

"கேக்கல" என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மீதியை நேற்றே எழுதியிருக்க வேண்டும், முடியவில்லை.

ஜங்ஷனில் மூன்று மீட்டர் செம்பு கேபிள் சுலபமாகக் கிடைத்தது. நாலரைக்குச் சுவரில் துளை போட்டு, ஐந்தரைக்கு மாட்டி முடித்தோம். போட்டதும் படம் வந்தது. அதன் பிறகு ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை.

ஆறு மணிக்கு ரூபா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேஜையில் மாட்டிய கேம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். போகச் சொல்லவில்லை. திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. லாரியின் முன் கண்ணாடியில் விழுந்து ஓடும் ஒவ்வொரு துளியையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. இரண்டு பக்கமும் பைன் மரம், எதிரே மலைச்சாலை. முன்னால் ஐந்து லாரிகளின் சிவப்பு விளக்கு. வளைவுகளில் அவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்புவதைப் பார்த்தேன். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று இருந்தது.

ஸ்பீக்கரில் எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்குப் பாதிதான் புரியும் ஆங்கிலம். சுவர் துளையின் சிமெண்ட் தூசி மூக்கில் ஏறி நான் தும்மினேன்.

"யாரது, கூட ஆள் இருக்காங்களா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதுதான் மரிசெல்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் ரூபா.

உடனே எல்லா லாரிகளிலிருந்தும் ஹார்ன் அடித்தார்கள். "கம்பத்துக்காரரா?" என்றாள் மரிசெல். "கம்பத்திலிருந்து இறங்கிவிட்டாரா?" வேறொரு ஆண் குரல், "அஞ்சு வருஷமா எப்ப கேட்டாலும் கம்பத்து மேலேயே இருக்காரே, விழுந்துடப் போறார்னு நாங்க ரொம்பக் கவலைப்பட்டோம்" என்றது.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. வீட்டிலிருந்து போன் வந்ததா, அவர் என்ன சொன்னார் என்று அவர்கள் ஒவ்வொரு வாரமும் கேட்டிருப்பார்கள். நான் போன் எடுக்காத வாரமெல்லாம், அவருக்கு வேலை, கம்பத்தின் மேல் நிற்கிறார், அதனால்தான் எடுக்கவில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான் தொழிலை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு கம்பத்திலும் ஏறியதில்லை. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

ரூபா என் பக்கம் திரும்பவில்லை. கண் சாலையிலேயே இருந்தது. கியரை மாற்றினாள்.

"ஆமா" என்று அவர்களிடம் சொன்னாள், "இன்னைக்குக் காலையிலதான் எறங்கினார்."